செக் என்ற சொல்: சரிபார்ப்பதா, தடுப்பதா?

மெய்ப்புநோக்கி

வணக்கம். மொழிபெயர்ப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும்தான் என் தொழில். அண்மையில் ஒரு அரசியல் கட்டுரையில் ‘செக் அண்ட் பேலன்ஸ்’ என்று வந்ததை ‘சரிபார்ப்பும் சமநிலையும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். “இங்கே யாரும் எதையும் சரிபார்க்கவில்லை, ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிறுத்துகிறார்கள்” என்று ஓரத்தில் குறிப்பு. அவர் சொன்னது முழுக்க சரி. அமெரிக்க அரசமைப்பில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அதிபர் நிறுத்தலாம், அந்தத் தடையை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தாண்டலாம், இதில் சரிபார்ப்புக்கு எங்கே இடம்?

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. கணக்கை செக் பண்ணுகிறோம். எதிராளிக்கு செக் வைக்கிறோம். வங்கிக்கு செக் எழுதுகிறோம். கட்டம் போட்ட துணியை செக் துணி என்கிறோம். ஹோட்டலில் செக்-இன் செய்கிறோம். இவை எல்லாம் ஒரே சொல்லா, அல்லது தமிழில் ‘மாலை’ என்பது பூமாலைக்கும் பொழுதுக்கும் வருவதுபோல் ஒலி மட்டும் ஒத்த வேறு வேறு சொற்களா? ஆராய்தல் என்ற பொருள்தானே முதலில் இருந்திருக்க வேண்டும், மற்றவை அதிலிருந்து கிளைத்தவை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

புதுவரவு

வேறு வேறு சொற்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது அக்கா. துணியில் உள்ள கட்டத்துக்கும் பரிசோதனைக்கும் என்ன உறவு இருக்க முடியும்? காசோலையைக் குறிக்கும் செக் அரபிச் சொல் என்றும் படித்திருக்கிறேன், அதற்கு எழுத்துக்கூட்டல்கூட வேறுதானே.

அறுபத்துநான்கு

நான் சொல் ஆராய்ச்சிக்காரன் இல்லை, சதுரங்கம் ஆடுபவன். ஆனால் இது எங்கள் பலகையிலிருந்து போன சொல் என்பது தெரியும். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

செக் என்றால் அரசன். அவ்வளவுதான். பாரசீக மொழியில் ‘ஷா’ என்றால் அரசன். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது அந்தக் காலத்து ஆட்டக்காரர் “ஷா!” என்று குரல் கொடுப்பார், உன் அரசனைப் பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கை அது. அந்த ‘ஷா’தான் பல மொழிகள் வழியாக உருண்டு ஆங்கிலத்தில் ‘செக்’ ஆனது. நாம் இன்று “ராஜாவுக்கு செக்” என்கிறோமே, அதை அப்படியே பிரித்தால் “ராஜாவுக்கு ராஜா” என்று ஆகும்.

இதில் ஆராய்வது, பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செக் விழுந்த அந்தக் கணம் நம் மற்ற திட்டம் எல்லாம் நின்றுவிடும். ராணியை வைத்து என்ன அழகான தாக்குதல் யோசித்திருந்தாலும் சரி, அதைத் தள்ளிவைத்துவிட்டு மூன்றில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும்: அரசனை நகர்த்த வேண்டும், அல்லது நடுவில் ஒரு காயைக் கொண்டுவந்து மறைக்க வேண்டும், அல்லது தாக்கும் காயை வெட்ட வேண்டும். வேறு நகர்வுக்கு விதியே இடம் தராது. ‘நிறுத்துதல்’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஆசிரியர் சொன்ன ‘கையைப் பிடித்து நிறுத்துவது’ இதுதான்.

இன்றைய போட்டி விதிகளில் செக் என்று வாய் திறந்து சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஒரு குரலாகப் பிறந்த சொல், குரல் தேவைப்படாத ஆட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வேர்ச்சொல்

அறுபத்துநான்கு சொன்னது சரி, நான் நடுவில் உள்ள படிகளை நிரப்புகிறேன்.

ஆட்டம் இந்தியாவில் பிறந்தது, சதுரங்கம் என்றால் நான்கு உறுப்புகள், அதாவது படையின் நான்கு அங்கங்கள். அது பாரசீகம் போய் ‘சத்ரங்’ ஆனது, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. ஆட்டத்தின் பெயர் இப்படி ஒரு வழியில் போக, ஆட்டத்துக்குள் எழுந்த ‘ஷா’ என்ற குரல் தனி வழியில் போனது. அரபி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்து, இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்று உருமாறி, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்று நின்றது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு 1300 வாக்கில் வருகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்: பிரெஞ்சில் அந்தச் சொல்லின் ஒருமை ‘எஸ்செக்’, பன்மை ‘எஸ்செஸ்’. ஒருமை ஆங்கிலத்தில் ‘செக்’ ஆனது, பன்மை ‘செஸ்’ ஆனது! இரண்டும் ஒரே சொல். செஸ் என்றால் ‘அரசர்கள்’ என்றுதான் பொருள்.

மற்ற மொழிகளையும் பாருங்கள். ஜெர்மனில் ஆட்டத்தின் பெயரே ‘ஷாக்’, ஒருவரைத் தலைதூக்க விடாமல் அடக்கி வைப்பதை ‘ஷாக்கில் பிடித்து வைப்பது’ என்கிறார்கள். ரஷ்ய மொழியில் ஆட்டம் ‘ஷாக்மத்தி’. இன்றைய பிரெஞ்சில் ‘எஷெக்’ என்ற ஒருமைக்குத் தோல்வி என்று பொருள், பன்மைக்குச் சதுரங்கம். ஒரு மொழிக்கு அது தோல்வி, ஒரு மொழிக்கு அது அடக்கி வைத்தல், ஆங்கிலம் மட்டும்தான் அதைப் பரிசோதனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. பிற்பாடு ஜெர்மன்காரர்கள் சரிபார்ப்பதற்கு ‘செக்கன்’ என்று ஒரு வினையை ஆங்கிலத்திலிருந்தே கடன் வாங்கிக்கொண்டார்கள், தங்கள் கையில் இருந்த ‘ஷாக்’கும் அதுவும் உடன்பிறப்பு என்ற நினைப்பே இல்லாமல்.

புதுவரவு கேட்ட துணிக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு ‘எஸ்செக்கியே’ என்று பெயர். பலகையில் உள்ள கட்டம்தான் துணிக்குப் போனது. ஆகவே ஒலி ஒற்றுமை இல்லை, ஒரே வேர்தான்.

கணக்கர்

பலகையின் பெயர் வந்துவிட்டதால் நான் நுழைகிறேன், இது என் துறை.

இங்கிலாந்தின் நிதித்துறைக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர், இன்றும் அங்கே நிதியமைச்சரின் பதவிப் பெயர் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’. அது இந்த ‘எஸ்செக்கியே’தான், சதுரங்கப் பலகை! காரணம் ஒரு மேசை. 12-ஆம் நூற்றாண்டில் அரசரின் வருவாய்க் கணக்கை ஒரு பெரிய மேசையில் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம், காசு உருண்டு விழாமல் இருக்க நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு, மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஒவ்வொரு கோட்டுப் பத்தியும் ஒரு மதிப்பு: பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். அந்தப் பத்திகளில் வில்லைகளை வைத்துக் கூட்டிக் கழிப்பார்கள். ரோமன் எண்களை எழுதி வைத்துக்கொண்டு 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று கூட்டிப் பாருங்கள், மேசை ஏன் தேவைப்பட்டது என்று உடனே புரிந்துவிடும்.

ஈஸ்டருக்கு ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை, மாவட்டங்களில் அரசருக்காக வருவாய் திரட்டிய ஷெரீஃப் என்ற அதிகாரிகள் வந்து உட்கார்ந்து கணக்கு ஒப்புவிக்க வேண்டும். எதிரே பொருளாளர். அந்தத் துறையின் நடைமுறையை ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170-களில் ஒரு உரையாடல் வடிவத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவரே அந்தத் துறையின் பொருளாளர். ஏன் இந்தப் பெயர் என்ற கேள்விக்கு அவர் இரண்டு காரணம் சொல்கிறார்: மேசை சதுரங்கப் பலகைபோல் இருக்கிறது, அதோடு பலகையில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல் இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். எண்ணூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது, கணக்குத் தணிக்கை நடக்கும் அறைக்குள் நுழைந்தால் இன்றும் இதே உட்காரல்தான், இதே இறுக்கம்தான்.

இன்னொன்று, கணக்குக் குச்சி. கட்டிய தொகையை ஒரு குச்சியில் வெட்டுகளாகப் பதிந்து, குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கு ஒரு பாதி. ஆயிரத்துக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல். பின்னால் சந்தேகம் வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைப்பார்கள். ஒருவர் தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டியிருந்தாலும் மற்றப் பாதியில் அது இருக்காது. 1826 வரைக்கும் இந்த முறை நடைமுறையில் இருந்தது. 1834 அக்டோபர் 16 அன்று, பயனற்றுப்போன குச்சிகளை நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரிக்கப் போக, கட்டடமே எரிந்துபோனது.

ஆகவே செக் என்றால் சரிபார்த்தல் என்ற பொருள் இந்த மேசையிலிருந்து, இந்தக் குச்சியிலிருந்து வந்தது என்பது என் முடிவு.

புதுவரவு

ஆகா, இப்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. பலகை, கணக்கு, சரிபார்ப்பு. என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன்.

வேர்ச்சொல்

கொஞ்சம் பொறுங்கள். கணக்கர் ஐயா சொன்ன மேசையும் குச்சியும் உண்மை, துறையின் பெயர் பலகையிலிருந்து வந்ததும் உண்மை. ஆனால் கடைசி வரியை ஏற்க முடியவில்லை.

காலத்தைப் பாருங்கள். மேசை 12-ஆம் நூற்றாண்டு. ‘செக்’ என்ற வினைச்சொல் ஆங்கிலத்தில் முதலில் வருவது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அப்போது அதன் பொருள் சதுரங்கத்தில் தாக்குவதும் நிறுத்துவதும். அடக்கி வைத்தல் என்ற பொருள் 1620-கள் வாக்கில். ஒரு பதிவையோ சான்றையோ பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தல் என்ற பொருள் 1690-களில்தான் எழுத்தில் தெரிகிறது. மேசைக்கும் இதற்கும் நடுவே ஐந்நூறு ஆண்டு இடைவெளி. மேசையில்தான் அந்தப் பொருள் பிறந்தது என்றால் ஐந்நூறு ஆண்டு அது எங்கே இருந்தது? கதை அழகாகப் பொருந்துகிறது என்பதற்காகவே நாம் நம்பிவிடுகிறோம், சொல் வரலாற்றில் பெரும்பாலான தப்பு இப்படித்தான் நடக்கிறது.

பாலம் வேறு இடத்தில் இருக்கிறது. தாக்குதல், அப்புறம் நிறுத்துதல், அப்புறம் கட்டுக்குள் வைத்தல், அப்புறம் தவறு நடக்காதபடி கட்டுக்குள் வைத்தல், கடைசியில் தவறு இருக்கிறதா என்று பார்த்தல். கணக்கை ‘செக்’ செய்கிறவன் முதலில் செய்வது பார்ப்பது இல்லை, அதை அப்படியே போக விடாமல் நிறுத்துவது. நில், இன்னொன்றோடு ஒத்துப்போகிறாயா என்று தெரிந்த பிறகு போ. சாலையில் இருக்கிற செக்போஸ்ட் இந்த இரண்டு பொருளையும் இன்றும் ஒன்றாக வைத்திருக்கிறது, வண்டியை நிறுத்தாமல் அங்கே எதையும் சோதிக்க முடியாது.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ‘கண்ட்ரோல்’. அது பழைய பிரெஞ்சில் ‘எதிர்ச்சுருள்’, அதாவது ஒரு கணக்கேட்டுக்கு எதிராக வைத்திருக்கும் இரண்டாவது படி. அசலையும் படியையும் ஒத்துப்பார்ப்பதுதான் ‘கண்ட்ரோல்’ செய்வது. பிரெஞ்சில் இன்றும் சரிபார்ப்பு என்ற பொருள் இருக்கிறது, பயணச்சீட்டைப் பார்ப்பவர் அங்கே ‘கோந்த்ரோலர்’. ஆங்கிலத்தில் அது ஆட்சி செலுத்துதல், அடக்குதல் என்று போய்விட்டது. ஒத்துப்பார்த்தலில் தொடங்கி அடக்குதலுக்குப் போனது கண்ட்ரோல். அடக்குதலில் தொடங்கி ஒத்துப்பார்த்தலுக்கு வந்தது செக். இரண்டும் நடுவழியில் ஒன்றை ஒன்று கடந்துபோயிருக்கின்றன.

கணக்கர்

ஆண்டுகளை இப்படி வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை. பொருள் மேசையில் பிறந்தது என்ற என் முடிவைக் கைவிடுகிறேன். எதிர்ச்சுருள் செய்தி எனக்குப் புதிது. கணக்கில் நாங்கள் ‘கண்ட்ரோல் அக்கவுண்ட்’ என்று ஒன்றை வைத்திருக்கிறோம், உட்கணக்குகளின் மொத்தத்தை அதோடு ஒத்துப்பார்ப்போம். பழைய பொருள் அங்கே அப்படியே தங்கியிருக்கிறது.

புதுவரவு

அப்படியானால் காசோலை? அதையும் சொல்லிவிடுங்கள். அரபியில் ‘ஸக்’ என்றால் பணம் கொடுக்கச் சொல்லும் எழுத்து ஆணை, அதிலிருந்துதான் செக் வந்தது என்று பல இடத்தில் பார்த்துவிட்டேன்.

வேர்ச்சொல்

‘ஸக்’ உண்மையான சொல். இடைக்கால இஸ்லாமிய வணிகர்கள் அந்த ஆணைகளைப் பயன்படுத்தியதும் உண்மை. பொருளும் ஒலியும் கிட்ட இருப்பதால் இந்தக் கதை பரவியதில் வியப்பில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்தத் தாளுக்கு முதலில் வழங்கிய எழுத்துக்கூட்டல், சரிபார்க்கிற ‘செக்’கின் எழுத்துக்கூட்டலேதான். 1700 வாக்கில் அது தாளைக்கூடக் குறிக்கவில்லை, வங்கியிடம் தங்கிவிடும் அடிக்கட்டையைக் குறித்தது. யாராவது தொகையைத் திருத்தி மோசடி செய்தால் அடிக்கட்டையோடு ஒத்துப்பார்த்துப் பிடித்துவிடலாம், அதாவது மோசடிக்கு வைத்த ‘தடை’. அப்புறம் பெயர் அடிக்கட்டையிலிருந்து தாளுக்குத் தாவியது. இங்கிலாந்தில் பிற்பாடு ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயரின் சாயலில் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். கணக்கர் ஐயாவின் மேசை கடைசியில் இந்த எழுத்துக்கூட்டல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

விமானத்தில் பெட்டியை ‘செக்’ செய்வது, மேலங்கியைக் கொடுத்துவிட்டு வாங்கும் ‘செக்’ எல்லாம் இந்த அடிக்கட்டைக் குடும்பம். ஒரு பாதி உங்களிடம், ஒரு பாதி பொருளோடு.

மெய்ப்புநோக்கி

எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை, எல்லாருக்கும் நன்றி. ஒன்று தோன்றியது, சரியா என்று சொல்லுங்கள்.

ஆங்கிலம் ஒரே வினையில் அடைத்து வைத்திருக்கும் இந்தப் பொருள்களை, பேச்சுத் தமிழ் பக்கத்தில் ஒரு சொல்லை வைத்து மிகச் சுலபமாகப் பிரித்துவிட்டது. செக் ‘பண்ணு’ என்றால் சரிபார். செக் ‘வை’ என்றால் தடு. செக் ‘எழுது’ என்றால் காசோலை. செக் ‘போட்ட’ என்றால் கட்டம். இவற்றை மாற்றிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. “எதிரணிக்கு செக் வைத்தார்” என்று செய்தித்தாள் எழுதும்போது சதுரங்கத்தில் இருந்த பழைய பொருள் அப்படியே வருகிறது. என் கட்டுரையில் அந்த இடத்தில் ‘பண்ணு’வா ‘வை’யா என்று ஒரு நொடி கேட்டுப் பார்த்திருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது. இனி அப்படித்தான் கேட்கப்போகிறேன்.

வேர்ச்சொல்

மிக நல்ல சோதனை அது. ‘சோதனை’ என்று எழுதும்போதே கை நிற்கிறது, ஏனென்றால் வடமொழியில் அதன் வேர் தூய்மையாக்குதல். ஆங்கில ‘டெஸ்ட்’டும் அதேதான், லத்தீனில் மண்பாத்திரம், தங்கம் வெள்ளியை உருக்கி மாசு நீக்கித் தரம் பார்க்கும் கலம். ‘எக்ஸாம்’ தராசின் முள்ளிலிருந்து வந்தது. நம்முடைய ‘ஆய்தல்’ எந்தக் கருவியையும் சாராமல் நுணுக்கம் என்ற பொருளிலேயே நிற்கிறது, தொல்காப்பியம் உரியியலில் அதற்கு அந்தப் பொருள்தான் சொல்லியிருக்கிறது. உலோகத்தை டெஸ்ட் செய்கிறோம், கணக்கை செக் செய்கிறோம், இடம் மாற்றினால் காதுக்கு ஒட்டாமல் போவதற்கு இந்த வேர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அறுபத்துநான்கு

‘செக்மேட்’ பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். “அரசன் இறந்தான்” என்று பொருள் சொல்வார்கள், அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பது, கையற்ற நிலை. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தம். அரசன் பலகையில் வெட்டப்படுவதே இல்லை. நிற்கிறான், போக இடமில்லை, ஆட்டம் முடிகிறது.

மெய்ப்புநோக்கி

இதை மொழிபெயர்ப்பாளர்களுக்காகப் பதிந்து வைக்கிறேன், பழைய கோப்புகளைத் திறந்து பார்த்ததில் என் கையாலேயே செய்த தப்புகள் கிடைத்தன. இணையப் படிவம் ஒன்றில் ‘பொருந்துவன அனைத்தையும் செக் செய்க’ என்று அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததை ‘சரிபார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். அங்கே கேட்டது டிக் போடுவதை, ‘குறியிடவும்’ என்று இருந்திருக்க வேண்டும். நோயை ‘செக்’கில் வைப்பது என்பதைப் ‘பரிசோதனையில் வைத்திருப்பது’ என்று ஒரு மருத்துவக் கையேட்டில் எழுதியிருக்கிறேன், ‘கட்டுக்குள் வைத்திருப்பது’ என்பதுதான் சரி, படிக்கும் நோயாளிக்கு அது முற்றிலும் வேறு செய்தி. கையேட்டுக்காரர்களுக்கு இன்றே எழுதிவிட்டேன். அரசியல் கட்டுரைக்கு ‘தடைகளும் சமன்களும்’ என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. மரவேலைக் குறிப்பு ஒன்றில் “பலகையில் செக் இருந்தால் ஒதுக்கிவிடவும்” என்று இருக்கிறது. இங்கே ‘பண்ணு’வும் பொருந்தவில்லை, ‘வை’யும் பொருந்தவில்லை. கட்டமும் இல்லை.

கணக்கர்

அது வெடிப்பு. ஈர மரம் காயும்போது மேற்பரப்பு உள்ளே இருப்பதைவிட வேகமாகச் சுருங்கும், அந்த இழுப்பில் நார்வாக்கில் விழும் கீறல். ‘காய்ச்சல் வெடிப்பு’ என்று எழுதினால் நோய் என்று நினைத்துவிடுவார்கள். வெறும் ‘வெடிப்பு’ போதும்.